தில்முன் மேடுகளும் ஒரு பொங்கல் பானையும்

பிரசவம் பார்க்கப் போனவளுக்கு ஊர் சுற்ற என்ன வந்தது என்று என் மகன் பாலு போனில் கேட்டான். நியாயமான கேள்விதான். நான் பஹ்ரைனுக்குப் போனது மகள் கயல்விழியின் இரண்டாவது பிரசவத்துக்கு. பெட்டியில் பிரசவ லேகியம், நாட்டுப்பூண்டு, வசம்பு, பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், அடியில் நாலு சுற்றுத் தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாடு. விமான நிலையத்தில் லேகிய டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த அதிகாரி முகத்தைச் சுளித்து, போ போ என்று கையை ஆட்டினார். கருவாட்டை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் பாடு.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மணலும் கட்டடமும்தான். திருவையாற்றுப் பக்கம் ஐந்து ஆறுகளுக்கு நடுவே வாழ்ந்துவிட்டு, ஒரு ஆறுகூட இல்லாத தீவில் இறங்கினால் தொண்டை தானாக வறள்கிறது. "இங்க ஜனங்க ஆதியில எப்படிங்க மாப்பிள்ளை குடியிருந்தாங்க?" என்று கேட்டேன். மாப்பிள்ளை வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "கடலுக்கு அடியில நல்ல தண்ணி ஊத்து இருந்துச்சாம் அத்தை. தோல்பையோட முங்கிப் புடிச்சுட்டு வருவாங்களாம்." மேட்டூரில் பத்து நாள் தாமதமாகத் திறந்தால் நாங்கள் மாரில் அடித்துக்கொள்கிறோம். இவர்கள் உப்புக் கடலுக்குள் முங்கிக் குடிதண்ணீர் எடுத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குபூஸ் என்கிற ரொட்டி சூட்டில் தேவாமிர்தம், ஆறினால் செருப்புத் தோல். மச்பூஸ் என்பது நம் பிரியாணிக்குக் கல்யாணமாகிப் போன அக்கா மாதிரி. சாயல் இருக்கிறது, காரம் இல்லை. மஹ்யாவா என்று மீனைப் புளிக்கவைத்து ஒரு குழம்பு செய்கிறார்கள். அதைத் தொட்டு வாயில் வைத்ததும், அடப்பாவிகளா, இதற்கா நான் கருவாட்டை ஒளித்துக் கொண்டுவந்தேன் என்று சிரித்துவிட்டேன்.

வந்து சில நாளில் நடந்தது அந்தப் பேருந்துக் கூத்து. மகளுக்கு முருங்கைக்கீரை வேண்டும். சந்தைக்குப் போகிற வண்டி எண்ணை மாப்பிள்ளை எழுதியே கொடுத்திருந்தார். ஏறினேன், குளுகுளுவென்று இருந்தது, கண் அசந்தேன். கண் விழித்தபோது சந்தையும் இல்லை, கடலும் இல்லை. எதிர்த்திசை வண்டியில் ஏறியிருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் உலக வரைபடம் நடத்தின டீச்சர் நான்.

இறங்கிய இடத்தின் பெயர் ஆலி. தெருவில் வீடுகள், வீடுகளுக்கு நடுவே மாடி உயரத்துக்கு மண் குவியல்கள். ஒன்று இரண்டல்ல, பார்த்த பக்கமெல்லாம். இவ்வளவு பணக்கார ஊரில் குப்பையை இப்படியா குவித்து வைப்பார்கள் என்று மனசுக்குள் ஏசிக்கொண்டே ஒரு குவியலின் ஓரம் நிழலுக்கு ஒதுங்கினேன். எதிர்வீட்டிலிருந்து கறுப்பு அங்கி அணிந்த ஓர் அம்மாள் வந்தார். என் வயசுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் இந்தியில் பேச ஆரம்பித்தார். அவர் இந்தி பாதி, என் இந்தி கால்வாசி. மீதியைக் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டோம்.

"இது குப்பையில்லை, கல்லறை. நாலாயிரம் வருஷத்துக்கு முந்திய ஜனங்கள்" என்றார். அடுப்படிச் சுவரைக் காட்டி, "இந்தச் சுவருக்குப் பின்னால் யாரோ படுத்திருக்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் சத்தமாகச் சண்டை போட மாட்டோம்" என்றார். பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் தேநீரும் கொடுத்தார். பெரிய மேட்டின் ஓரத்தில் அதை ஒட்டியே ஒரு சின்ன மேடு, தாய்ப்பசுவை ஒட்டிக் கன்று படுத்த மாதிரி இருந்தது. அது என்ன என்று கேட்டேன். அவர் கையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திக் காட்டினார். குழந்தை.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டேன்.

கீரை இல்லாமல் வீடு திரும்பி மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்தச் சின்ன மேடு மனசை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையை நச்சரித்து அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். மகளும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

அங்கேதான் தில்முன் என்கிற பெயரைச் சரியாகத் தெரிந்துகொண்டேன். நான் பாடம் நடத்தியதெல்லாம் சிந்துவெளியும் மெசபடோமியாவும். இரண்டுக்கும் வாணிபம் நடந்தது என்று ஒரு வரி வரும், பிள்ளைகள் அடிக்கோடு போட்டுக்கொள்வார்கள். அந்த வாணிபக் கப்பல்கள் நடுவழியில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு போன தீவு இதுதான், அந்தத் தண்ணீரைக் கொடுத்த ஜனங்கள் இவர்கள்தான் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. கண்ணாடிக்குள் அவர்கள் சாமான்கள் இருந்தன. ஒற்றை ரூபாய் நாணயம்போல வட்டமான கல் முத்திரைகள், அதில் மானும் மனிதனும். செம்மண் ஜாடிகள், உடம்பைச் சுற்றி வரிவரியாக மேடு வைத்தவை. தார் மாதிரிக் கீல் பூசிய கூடைகள். நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் செய்த குவளை. சிந்துவெளிக்காரர்கள் நிறுக்கப் பயன்படுத்திய அதே எடைக்கற்கள். இறந்தவர்களைக் கால் மடக்கி ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு குடுவை, கொஞ்சம் ஆட்டிறைச்சி. மேடுகள் இத்தனை ஆயிரம் இருப்பதைப் பார்த்துவிட்டு, உயிரோடு இங்கே யாருமே வாழவில்லை, வேறு ஊரார் பிணம் புதைக்கத்தான் இந்தத் தீவுக்கு வந்தார்கள் என்று ஒரு காலத்தில் அறிஞர்களே நினைத்தார்களாம். செத்தவர்களை அவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள்.

கடைசி அறையில் தில்முன்காரர்களுக்கு ரொம்பப் பின்னால் அதே தீவில் வாழ்ந்தவர்களின் ஜாடி ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. வாயை ஒரு கிண்ணத்தால் மூடியிருந்திருக்கிறார்கள். உள்ளே விரல் நீள எலும்புகள், நாலைந்து சிப்பி மணிகள். பிறந்த குழந்தை.

பக்கத்தில் ஒரு அரபுத் தகப்பனும் சிறுமியும் நின்றார்கள். சிறுமி ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவருக்கு அரபி தெரியும். தயங்கித்தான் சொன்னார்: "'இந்தப் பாப்பாவோட அம்மா எங்கே'ன்னு கேக்குது அத்தை. 'அவளும் இங்கதான் பக்கத்துல எங்கயாச்சும் இருப்பா'ன்னு அவர் சொல்றார்."

நான் அழுதேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

கயல் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள். "எனக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சுல்ல? சித்தப்பா வீட்டுச் சின்னம்மா ஒரு தடவை சொன்னாங்க" என்றாள்.

"இருந்துச்சு. பொண்ணு."

"எங்க பொதைச்சீங்கம்மா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? நீ கேக்கவே இல்லையா?"

கேட்காமல் என்ன. எங்கள் பக்கத்தில் சிசு இறந்தால் எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். வீட்டு ஆண்கள் இரண்டு பேர் எடுத்துக்கொண்டு போவார்கள். மேளம் கிடையாது, பதினாறு கிடையாது. உப்பைப் போட்டு மூடி, நாய் நரி தோண்டாமல் மேலே முள்ளை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து குளிக்க வேண்டும். இடத்தை மட்டும் பெற்றவளிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் அங்கேயே போய் விழுந்து கிடப்பாள், அடுத்தது வயிற்றில் தங்காது என்பார்கள்.

எனக்கு அம்மா இல்லாததால் தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. மார்கழிக் கடைசி. தீட்டுக் கழித்துப் பெயர் வைப்பதற்குள் ஒரு விடியலில் குழந்தை குளிர்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றவர்தான். மாமனாரும் கொழுந்தன் சேதுவும் எடுத்துப் போனார்கள். சேதுவுக்கு அப்போது மீசை அரும்புகிற வயசு. எனக்குப் பால் வற்ற மாரில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்கள். இன்றைக்கும் மல்லிகை வாசம் எனக்கு ஆகாது. மகள் கல்யாணத்தில்கூட நான் கனகாம்பரம்தான் வைத்தேன்.

அந்த வருஷப் பொங்கலுக்கு என் அண்ணன் முன்கூட்டியே சீர் இறக்கியிருந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, நாலு படி பொங்குகிற அகன்ற வாய்ப் புதுப்பானை. அந்தப் பொங்கல் எங்கள் வீட்டில் பொங்கவில்லை. மறு வருஷம் பார்த்தால் பானையைக் காணோம். "பொறந்த வீட்டுச் சீரையே காப்பாத்தத் தெரியல, எங்க போட்டு ஒடைச்சாளோ" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? பானையை நான் தொடவே இல்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர் எல்லாரும் வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். இடம் தெரிந்தவர் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது சேது ஒருவர்தான். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்ததையெல்லாம் எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபுடிச்சு வெச்சிருக்காங்க. நீ போய்க் கேளும்மா."

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். கொழுகொழுவென்று, ஊரையே கூட்டுகிற குரலோடு. குளிப்பாட்டி சாம்பிராணி காட்டும்போதெல்லாம் கை என்னை அறியாமல் அவள் நெஞ்சில் போய் நிற்கும், மூச்சு வருகிறதா என்று. கடமையை முடித்துக்கொண்டு, பெட்டியில் லேகியம் இருந்த இடத்தில் பேரீச்சம்பழத்தை அடைத்துக்கொண்டு, கோடை உச்சத்தில் ஊர் திரும்பினேன். பயணக் களைப்பு தீர்ந்ததும் நாகப்பட்டினத்துக்குப் பேருந்து ஏறினேன்.

சேது மனைவி இறந்ததிலிருந்து நாகப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அதுவரை எங்கள் நிலத்தையும் சேர்த்து அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள், என் வீட்டுக்காரருக்கு மண்வெட்டி பிடித்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நடவுக்கு ஆள் சொல்வதிலிருந்து களத்தில் நெல் தூற்றுவதுவரை சேதுதான்.

அவர் மகள் வேலைக்குப் போகும் முன் வஞ்சிரம் குழம்பு வைத்துவிட்டுப் போயிருந்தாள். வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க அண்ணி, வெளிநாட்டுக் காத்து ஒத்துக்கலையா, கறுத்துட்டீங்க" என்றார். சாப்பிட்டு முடிக்கிறவரை தில்முன் கதையைச் சொன்னேன். கடலுக்குள் தண்ணீர் எடுத்ததை இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து கேட்டேன்.

"தம்பி, என் பிள்ளையை எங்க வெச்சீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். "அது எதுக்கு அண்ணி இப்ப?"

"எனக்குத் தெரியணும்."

"அம்மாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன் அண்ணி. வெளக்கை அமத்திச் சத்தியம் பண்ணிருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம். "உங்க அம்மா போயி எந்தக் காலம் ஆச்சு! அடுத்தது தங்காதுன்னுதானே சொல்லக் கூடாது? கயலும் பாலுவும் தங்கித் தலையெடுத்து, அதுங்களுக்கே புள்ளை பொறந்தாச்சு. இன்னும் எதுக்கு அந்தச் சத்தியம்? பென்ஷன் வாங்குதா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "என்னைத் திட்டிக்குங்க அண்ணி. ஆனா கேக்காதீங்க" என்றார். பிடிவாதத்தில் அந்தக் குடும்பத்தை அடிக்க ஆள் கிடையாது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அந்த நேரத்தில் பாலு கூப்பிட்டான். கையில் பை இருந்ததால் போனைச் சத்தமாக வைத்தேன். "அம்மா, வாய்க்கா தூர்வார பொக்லைன் வந்துருச்சு. கரையை ரெண்டு பக்கமும் வெட்டி அகலப்படுத்துறாங்க. நாளைக்குக் காலையில நம்ம மதகடிக்கு வந்துரும்போல. அந்தப் பூவரசு போயிரும். வெறகுக்கு யாருக்குக் குடுக்குறதுன்னு கேக்குறாங்க."

"யாருக்கோ குடு" என்று சொல்ல வாயெடுத்தேன். சேது எழுந்து நின்றுவிட்டார். போனைப் பார்த்துக் கத்தினார்: "பாலு, அந்த மரத்துல எவனும் கை வைக்கக் கூடாது! நான் வர்றேன்!" அப்புறம் என் பக்கம் திரும்பி, "கெளம்புங்க அண்ணி" என்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சத்தியம் நினைவுக்கு வந்து மறுபடி மூடிக்கொள்வார்.

மதகடிப் பூவரசு எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சொந்தம். நடவு நாளில் நான் லீவு போட்டுவிட்டுச் சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவேன். பம்புசெட்டுக் கொட்டகை பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் கூடை மதகடிக்குத்தான் போகும். "ஏன் டீச்சரம்மா, இந்த வெயில்ல இம்புட்டுத் தூரம் நடக்கவெச்சுக் கொல்றீங்க" என்று நடவுப் பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். கயலும் பாலுவும் அந்த மரத்து இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதி என் காதைத் துளைப்பார்கள்.

வண்டி திருவாரூர் தாண்டியதும் என்ஜின் புகைந்து நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "வேற வண்டி வரும், இருங்க" என்றார். வேற வண்டி வரவில்லை. சேது சாலை நடுவில் போய் நின்று வருகிற எல்லாவற்றையும் கைகாட்டி மறித்தார். கடைசியில் விதைநெல் மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று நின்றது. "பெரியவரே, முன்னாடி ஒரு ஆளுக்குத்தான் எடம்" என்றார் ஓட்டுநர். "அவங்களை ஏத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு, சேது பின்னால் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார். இதய வால்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டே வந்தேன். பயறு எடுத்த வயல்கள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. அங்கங்கே ஆட்டுக் கிடை. அவர் எதையும் பார்க்கவில்லை.

வழியில் ஒரு குளத்தைக் கடந்தோம். முன்னொரு காலம் அதைத் தோண்டும்போது முதுமக்கள் தாழி கிடைத்தது. எட்டாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இந்த மண்ணில் இரும்பு உருக்கி, நெல் விதைத்து, சோழர் பெயரை யாரும் கேள்விப்படும் முன்பே வாழ்ந்து முடித்த ஜனங்கள். அவர்கள் என்ன பெயர் சொல்லித் தங்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆள் உயரப் பானை, வயிறு பெருத்து, அடி கூம்பி. உள்ளே கறுப்பும் சிவப்புமாய்க் கிண்ணங்கள், துருப்பிடித்த அரிவாள் துண்டு. "அம்மா வயித்துல இருந்த மாதிரியே மடக்கி உக்கார வெச்சு, மறுபடி மண்ணோட வயித்துக்குள்ள விட்டாங்க" என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆண்டுதோறும் கரும்பலகையில் அந்தப் பானையை வரைவேன். நன்றாகவே வரைவேன்.

பொழுது சாயும் முன் ஊர் போய்ச் சேர்ந்தோம். வாய்க்கால் கரைக்கு ஏறும்போதே சத்தம் கேட்டது. நாளைக்கு என்ற பொக்லைன் இன்றைக்கே மதகடிக்கு வந்துவிட்டது. மரத்தில் சிவப்பு வண்ணத்தில் கோடு போட்டிருந்தார்கள். இயந்திரத்தின் கை மரத்துக்கு நாலடி தள்ளி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. பாலு பக்கத்தில் நின்று கையைக் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கேட்கவில்லை.

சேது ஓடினார். வேட்டி தடுக்கி விழுந்து, எழுந்து, போய் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓட்டுநர் என்ஜினை அணைத்தார். சின்ன வயசுக்காரர், முகம் முழுக்கப் புழுதி.

"பெரியவரே, என்ன பண்றீங்க? சாவுறதுக்கா? நாளைக்குள்ள இந்தக் கரையை முடிக்கணும் எனக்கு."

"இதைத் தோண்டாதப்பா."

"மரந்தானே. வேற நட்டுக்கலாம்."

"இதுக்கடியில எங்க வீட்டுப் பிள்ளை இருக்கு" என்றார் சேது. என்னைப் பார்க்கவில்லை. மரத்திடம் சொல்வதுபோலச் சொன்னார். "எங்க அண்ணியோட தலைப்பிள்ளை. நான்தான் வெச்சேன்."

நான் மரத்தை நோக்கி நடந்தேன். பாலு ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

ஓட்டுநர் கீழே இறங்கினார். மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காலில் இருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "அந்தப் பக்கத்துக் கரையில கூடுதலா வெட்டிக்கிறேங்க" என்றார். "அதிகாரி கேட்டா, இங்க அடியில பாறையாட்டம் இருந்துச்சு, பல்லு ஒடிஞ்சுரும்னு விட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன்." டெல்டாவில் பாறையா என்று எந்த அதிகாரியும் சிரிப்பார். அந்த ஓட்டுநர் பிள்ளை நல்லா இருக்கட்டும்.

இயந்திரம் போனபிறகு நாங்கள் அடிமரத்தில் உட்கார்ந்தோம். சேது மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவராகத்தான் சொன்னார்.

"அப்பா மம்பட்டியோட முன்னாடி போயிட்டார் அண்ணி. பிள்ளை என் கையில. துணி ஒண்ணுதான் சுத்தியிருந்துச்சு. மூஞ்சி தெரிஞ்சுது. அந்த மூஞ்சில எப்படி மண்ணைத் தள்றது? எனக்குக் கை வரல. கொல்லைப்பக்கமா போறப்ப உங்க சீர்ப் பானை இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன். உள்ள வெச்சு, வாயிக்கு ஒரு மண்தட்டைக் கவுத்து மூடி, அப்பறந்தான் மண்ணு போட்டோம். மூஞ்சில ஒரு பொட்டு மண்ணு விழல அண்ணி. அம்மா பானையைக் காணும்னு உங்களைத் திட்டுனப்பகூட நான் வாயத் தொறக்கல. அதுக்கு என்னை மன்னிச்சுருங்க."

பானையின் அகன்ற வாயும், அண்ணன் அதைத் தலையில் சுமந்து வாசலில் இறக்கியதும் என் கண்ணில் வந்தன. பஹ்ரைனில் கண்ணாடிக்குள் பார்த்த ஜாடியும் அதன்மேல் கவிழ்த்த கிண்ணமும் வந்தன. அந்த ஜனங்களிலும் ஒரு சேது இருந்திருப்பார். அவருக்கும் கை வந்திருக்காது.

"மேல வெச்ச முள்ளு நகராம இருக்க ஒரு பூவரசம் போத்துக் கெளையை வெட்டி அடிச்சேன்" என்றார். "மழைக்கு அது துளுத்துருச்சு. அப்பா புடுங்கச் சொன்னார். நான் புடுங்கல."

அடிமரத்தைக் கையால் தடவினார். பிறகு கேட்டார்: "நடவு அன்னைக்குச் சோத்துக் கூடையை இங்கதான் எறக்கணும்னு யாரு அண்ணி சொல்வா?"

பம்புசெட்டுக் கொட்டகை அதோ இருக்கிறது. பெரிய வேப்பமரம், குடிக்கத் தண்ணீர், எல்லாம் அங்கே. ஒவ்வொரு வருஷமும் கொட்டகைப் பக்கம் நான் திரும்புவேன். ஒவ்வொரு வருஷமும் வயலுக்குள்ளிருந்து சேது கத்துவார்: "அண்ணி, மதகடிக்கு வந்துருங்க, நெழலு நல்லாருக்கும்!" நிழலாம். அந்தக் காலத்தில் அது ஆள் உயரச் செடி, நிழல் ஏது. வெயிலில் உட்கார்ந்து எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் நானும் தட்டில் போட்டுக்கொண்டு அதன் அடியில்தான் சாப்பிட்டிருக்கிறேன். கயலுக்குப் பால் கொடுத்ததும் இங்கேதான்.

"இடத்தைச் சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம்" என்றார் சேது. "கூட்டிக்கிட்டு வரக் கூடாதுன்னு அம்மா சொல்லல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். நாற்பது வருஷத்துக்கு முன் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியதெல்லாம் அன்றைக்குத்தான் அவிழ்ந்தது. பாலு தள்ளி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு கயலைப் போனில் கூப்பிட்டேன். முகம் தெரிகிற மாதிரி. மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். "எங்க இருக்குன்னு கேட்டியே, இங்கதான்" என்று மரத்தைக் காட்டினேன். அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம், "இந்த மரத்துலதானம்மா நாங்க பீப்பீ பறிப்போம்" என்றாள்.

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகலாம் என்று பாலு எழுப்பினான். புதைத்துவிட்டுப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சேது அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டே போனவர், இன்றைக்கும் அப்படியே நாலு எட்டு வைத்தார். நான் நின்று திரும்பிப் பார்த்தேன். "நீங்களும் பாருங்க தம்பி" என்றேன். அவர் பார்த்தார். மதகைத் தாண்டும்வரை இரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.